அரை டஜன் பாலும் அடியேன் வயிறும்

திண்டுக்கல்லில் யார் வீட்டுக்குப் போனாலும், "காபி வேண்டாம்" என்று சொல்ல ஒரு தகுதி வேண்டும். சர்க்கரை நோய் அந்தத் தகுதியைத் தரும். "சுகருங்க" என்ற ஒரு சொல் போதும். எத்தனை வருஷமா, மாத்திரையா ஊசியா என்று மரியாதையாக விசாரிப்பார்கள். சீனி போடாத காபி தனி டம்ளரில் வந்துவிடும். ரத்தக் கொதிப்புக்கும் கௌரவம் உண்டு. நெஞ்சுவலிக்காரர் என்றால் ஃபேனுக்கு நேரே நாற்காலி போடுவார்கள். வயிற்றுக்காரனுக்கு மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. "வயிறு சரியில்லீங்க" என்று சொன்னால், "நேத்து எங்க சாப்பிட்டீங்க?" என்று குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். இது நேற்றைய விஷயமல்ல, வருஷக்கணக்கில் நடப்பது என்றால் நம்புவதில்லை. நம்பினாலும் "ஒரு வாய் குடிங்க, ஒண்ணும் செய்யாது" என்று டம்ளரை நீட்டுவார்கள். அது என்ன செய்யும் என்பது அடுத்த அரை மணி நேரத்தில் எனக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் நான் அவர்கள் வீட்டில் இருப்பதில்லை.

என் வியாதிக்குப் பெயர் இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். சுருக்கமாக ஐ.பி.எஸ். இதை வைத்து எங்கள் ஊரில் இரண்டு நகைச்சுவைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று போலீஸ் உத்தியோகத்தைப் பற்றியது, மற்றது திண்டுக்கல் பூட்டைப் பற்றியது. கேள்விப்படும் ஒவ்வொரு உறவினரும் அவற்றைத் தாமே கண்டுபிடித்ததாக நினைத்துச் சொல்லிவிட்டு, நான் சிரிக்கும்வரை நகராமல் நிற்கிறார். எல்லோருக்கும் சிரித்துக் கொடுத்தாகிவிட்டது. ஆகையால் இந்தக் கட்டுரையில் அவை இரண்டும் வராது.

ரத்தம், மலம், ஸ்கேன், கேமரா வைத்த குழாய் எல்லாம் பார்த்து முடித்த டாக்டர், "எல்லாம் நார்மல்" என்றார். வீட்டம்மா ஃபைலை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள். "இம்புட்டு செலவு பண்ணி ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள். அவள் குரலில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் தூக்கலாக இருந்தது.

ஒன்றும் இல்லாமல் இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் பேச்சு நடக்கிறது. என் விஷயத்தில் அந்தப் பேச்சு வாக்குவாதமாகிவிட்டது. மற்றவர்கள் குடல் கண்டுகொள்ளாமல் விடும் கொஞ்சக் காற்றையும் தண்ணீரையும் என் குடல் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு மேலே புகார் எழுதுகிறது. ஸ்கேனில் தெரியாத நோய் என்பதால் இதற்கென்று தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ரோம் அளவுகோல். 2016-இல் நான்காம் பதிப்பு வந்தது. கடந்த மூன்று மாதத்தில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி வர வேண்டும். அது கழிவறைக்குப் போவது, போகும் தடவை மாறுவது, தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டோடாவது சேர்ந்து வர வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தை எழுப்பிவிடும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொந்தரவு இவையெல்லாம் இருந்தால் கதை வேறு. அப்போது இந்த மாதிரிக் கட்டுரை படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

ரோம் என்றதும் எனக்கு உள்ளூரப் பெருமை. தினமும் வத்தலக்குண்டு ஆபீசுக்குப் பஸ்ஸில் போகையில் செம்பட்டி வருவதற்குள் நான் படும் பாட்டுக்கு ரோமாபுரி பெயரில் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள்!

டாக்டர் கடைசியாக இரண்டு வாக்கியம் சொன்னார். "பாலைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க. ஆனா புரதம் குறையக் கூடாது." கேட்க எளிதாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறை ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. அதில் பரிசோதனை எலி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிட நான் என்ன சன்னியாசியா? முதலில் பாக்கெட்டின் நிறத்தை மாற்றிப் பார்த்தேன். ஆரஞ்சு ஆவினிலிருந்து பச்சைக்கு இறங்கி, பச்சையிலிருந்து நீலத்துக்கு வந்தேன். ஆரஞ்சில் 6 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, நீலத்தில் 3. கொழுப்பு படிப்படியாக இறங்கிற்று, காபி தண்ணீராகிக்கொண்டே போயிற்று; வயிற்றில் ஒரு மாறுதலும் இல்லை. காரணம் பாக்கெட்டின் நிறத்தில் இல்லை. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை 100 மில்லிக்கு 4.5 முதல் 5 கிராம் வரை இருக்கிறது. எந்த நிறத்தில் வாங்கினாலும் அது மாறாது. அதை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். பால்குடி மாறாத வயதில் அநேகமாக எல்லோருக்கும் அது தாராளமாகச் சுரக்கிறது; வளர வளர பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அன்னதானம், நமக்குப் பொருமல்.

இது என் ஒருவனின் பலவீனம் இல்லை என்பதற்கு அத்தாட்சியும் கிடைத்தது. வடக்கத்தியரையும் தென்னிந்தியரையும் வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. லாக்டோஸ் முழுதாகச் செரிக்காதவர்கள் வடக்கிலேயே பாதிப் பேருக்கு மேல். தெற்கில் அதைவிடக் கூடுதல். நான் இதை வெற்றிப் புன்னகையோடு வீட்டில் அறிவித்தேன். "எங்கப்பா தினம் ஒரு சொம்பு பால் குடிச்சாரு. எம்பத்திரண்டு வயசு வரைக்கும் வயக்காட்டுல நின்னாரு" என்றாள் வீட்டம்மா. மாமனாரை வைத்து ஓர் ஆய்வை அடித்துவிட முடியுமா? முடியும், எங்கள் வீட்டில் முடிந்தது. அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. செரிக்காத எல்லோருக்கும் தொந்தரவு வருவதில்லை. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் பாலைப் பலரும் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்கிறார்கள். சத்தம் போடும் கட்சியில் நான் பிறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

பிறகு பதிலிகள் ஊர்வலமாக வந்தன. முதலில் பாதாம் பால். சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப்பெட்டியில் இருந்தது. விலையைப் பார்த்த வீட்டம்மா, "இத ஃப்ரிட்ஜுல வைக்கவா, பீரோவுல வைக்கவா?" என்று கேட்டாள். பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தபோதுதான் சங்கதி தெரிந்தது. டம்ளருக்கு 1 கிராம் அளவுக்குத்தான் புரதம். அதே டம்ளர் பசும்பாலில் 6 கிராமுக்கு மேல். வயிற்றை அது ஒன்றும் செய்யவில்லை; வேறு எதையும் செய்யவில்லை. 2021-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரிச் செடிகொடிப் பானங்களைப் பால் என்று சொல்லி விற்கக்கூடாது என்றது. தேங்காய்ப்பாலுக்கு மட்டும் விலக்கு. தேங்காய்ப்பாலை அப்படி அழைக்கக்கூடாது என்று எந்தச் சர்க்காராவது சொல்லிப் பார்க்கட்டும், ஆப்பம் தின்கிற ஜனங்கள் சும்மா விடுமா?

அந்தத் தேங்காய்ப்பாலைக் காபியில் ஊற்றிப் பார்த்தேன். வந்தது காபியும் அல்ல, சொதியும் அல்ல. கொஞ்சமாகச் சேர்த்தால் வயிறு பொறுத்துக்கொள்கிறது. ஆனால் அதில் கொழுப்புதான் அதிகம், புரதம் பேருக்குத்தான். ஓட்ஸ் பாலைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை: கஞ்சி.

சோயாப் பாலில்தான் நம்பிக்கை வைத்திருந்தேன். பசும்பாலோடு சரிக்குச் சரி நிற்கக்கூடிய புரதம் அதில் உண்டு. சோயாவை வாங்கி ஊறவைத்து, அரைத்து, துணியில் வடித்து, காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டுக் குடித்தேன். அன்று வத்தலக்குண்டு பஸ்ஸிலிருந்து செம்பட்டியில் இறங்கியவன் ஆபீசுக்கு லீவு சொன்னேன். முழுப் பயறிலிருந்து எடுக்கும் சோயாப் பாலில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் அப்படியே இறங்கிவிடுகின்றன. அவற்றை வெட்டும் நொதி மனிதக் குடலில் கிடையவே கிடையாது. எனக்கு மட்டுமல்ல, மாமனாருக்கும் கிடையாது. அதே சோயாப் பாலைத் திரியவைத்துப் பிழிந்து கெட்டியான டோஃபுவாக்கினால், இந்தச் சர்க்கரைகளில் பெரும்பகுதி பிழிந்த தண்ணீரோடு போய்விடுகிறது. புரதம் கட்டியில் தங்கிவிடுகிறது. கடைகளில் சோயா பன்னீர் என்று வைத்திருப்பது அதுதான். ஆக, ஒரே பயறு பாலாக வந்தால் வில்லன், கட்டியாக வந்தால் கதாநாயகன். வீட்டம்மாவைப் பெற்ற அத்தை ஒரு துண்டைத் தின்று பார்த்து, "இதுல உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல, எதுக்கு மாப்ள இது பொறந்துச்சு?" என்று கேட்டார். மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு நல்லெண்ணெயில் வறுத்தால் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கிறது.

ஆவினையும் சேர்த்து எண்ணினால் ஆறாவதாக வந்தது லாக்டோஸ் நீக்கிய பால். இது அசல் பசும்பால்தான். நம் குடல் சுரக்க மறுக்கும் நொதியை முன்கூட்டியே பாலில் சேர்த்து லாக்டோஸை உடைத்துவிடுகிறார்கள். புரதம், கால்சியம் எதுவும் குறைவதில்லை. உடைந்த சர்க்கரை கூடுதலாகத் தித்திக்கும். இதனால் ஒரு விபரீதம். நான் திருட்டுத்தனமாகக் காபியில் சீனி போட்டுக்கொள்வதாக அத்தை தன் மகளிடம் வத்தி வைத்தார். விளக்கம் கொடுத்து முடிப்பதற்குள், தித்திப்பு பிடித்துப்போன என் பையன் பெட்டியைக் காலி செய்திருந்தான்.

நெய்யையும் விட்டுவைக்கவில்லை. ஒட்டன்சத்திரத்து நெய்யில் லாக்டோஸ் இருக்குமோ என்று பயந்து படித்துப் பார்த்தேன். நெய்யில் லாக்டோஸ் அநேகமாகக் கிடையாது. புரதமும் கிடையாது. தீங்கும் இல்லை, இந்தக் காரியத்துக்குப் பிரயோஜனமும் இல்லை. வீட்டு வேலையில் என்னைப் போலவே.

இத்தனைக்குப் பிறகும் காலை காபிக்கும் வயிற்றுக் கடாமுடாவுக்கும் உள்ள உறவு முறியவில்லை. பாலே இல்லாமல் கட்டங்காப்பி குடித்த நாளிலும் அதே பாட்டு. காபிப்பொடிக் கடையில் நின்றபோதுதான் புத்தி வேலை செய்தது. "வழக்கம்போல எழுபது முப்பது தானே சார்?" என்றார் கடைக்காரர். அந்த முப்பது யார்? சிக்கரி! சிக்கரி வேரில் இனுலின் என்ற சர்க்கரைச் சங்கிலி நிறைந்திருக்கிறது. வறுக்கும்போது கொஞ்சம் போகும், மிச்சம் நமக்கு. பாலை வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவனும் கூட்டாளி. சிக்கரி இல்லாத பொடிக்கு எங்கள் மாவட்டத்தில் குறைவில்லை. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கத்திய தனிக் காபியை வாங்கி வந்தேன். கஃபீனே குடலை விரட்டும் என்று பிறகு படித்தேன். எல்லாவற்றையும் படிக்கக் கூடாது.

இந்தச் சேட்டைக்காரச் சர்க்கரைகளையெல்லாம் ஒரே கூட்டமாகப் பிடித்துக் கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாக்காரர்கள். மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-இல் இவற்றுக்கு ஃபாட்மேப் என்று பெயர் வைத்தார்கள். சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும் குட்டைச் சர்க்கரைகளின் கூட்டம் அது. லாக்டோஸ் அதில் ஓர் உறுப்பினர், பருப்பின் ராஃபினோஸ் இன்னொருவர், வெங்காயம் பூண்டின் ஃபிரக்டான் மற்றொருவர். பட்டியலைப் படித்தபோது எனக்கு ஒரு உண்மை பிடிபட்டது. அதில் புரதம் எங்கேயும் இல்லை. ஆட்டுக்கறியில் ஃபாட்மேப் கிடையாது. கோழியில் கிடையாது, மீனில் கிடையாது, முட்டையில் கிடையாது. என் வயிறு புரதத்தோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அதன் கூடவே வருகிற சம்பந்திகளோடுதான் தகராறு.

புரதம் எவ்வளவு வேண்டும்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், 65 கிலோ ஆணுக்கு நாளைக்கு 54 கிராம். ஜிம்முக்குப் போகும் பையன் இதைக் கேட்டுச் சிரித்தான். "அப்பா, அது எனக்குக் காலை டிபன்" என்று சொல்லி ஒரு பெரிய புரதப் பொடி டப்பாவை மேஜையில் வைத்தான். டப்பாக்களின் பின்பக்கம் படிப்பதில் நான் அதற்குள் பண்டிதன். வே கான்சென்ட்ரேட் என்று போட்டிருந்தது. அதில் லாக்டோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோலேட் என்று இருந்தால் அநேகமாக இருக்காது. கீழே இன்னும் பொடி எழுத்தில், நார்ச்சத்துக்காக இனுலின். சிக்கரி மாறுவேடத்தில் வந்திருக்கிறது! அதற்கும் கீழே இனிப்புக்கு மால்டிடால். அதுவும் ஃபாட்மேப் கூட்டத்தில் பாலியால் என்ற பிரிவு. டப்பாவை மரியாதையாகப் பையனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

முட்டை ஒன்றுக்கு 6 கிராம் புரதம். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, விலை கட்டும், வயிறு வாயே திறப்பதில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்க்காததால் அப்படி நினைக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. சனிக்கிழமை பெருமாளுக்கு. அமாவாசை, கிருத்திகை, சஷ்டி உண்டு. புரட்டாசி முழுக்கப் பூட்டு. தை பிறந்தால் பழனிக்கு மாலை போட்டுப் பாதயாத்திரை. இவை போக மிஞ்சிய நாட்களில் வயிறு நன்றாக இருக்கும் நாள் எது என்று பார்த்து முட்டையை உடைக்க வேண்டும். அத்தை முட்டையைச் சைவமாக ஏற்கத் தயாரில்லை. "கருவாடு வேணா தாரேன் மாப்ள, அதுவும் கவிச்சிதான், ஆனா ருசியா இருக்கும்" என்பது அவருடைய வாதம். நெத்திலிக் கருவாடு முள்ளோடு தின்பதால் பாலை விட்டவனுக்குக் கால்சியமும் கிடைக்கும்; அதில் அத்தையை மறுக்க முடியாது. ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறந்த அன்று மறுத்தவர்கள் வேறு ஆட்கள்.

பாதயாத்திரை தனிக் கண்டம். தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியாக நடந்தால் வழிநெடுக அன்னதானம். சுண்டல், பால், மோர், தர்பூசணி என்று அன்போடு கையில் திணிப்பார்கள். ஃபாட்மேப் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? மலை ஏறி இறங்கினால் பஞ்சாமிர்தம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பிரசாதம். கனிந்த வாழை, தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய், நாட்டுச் சர்க்கரை: மெல்போர்னில் போட்ட தடைப் பட்டியலில் மூன்று உருப்படிகள் பழனியில் ஒரே டப்பாவில் கிடைக்கின்றன. ஒரு துளி நாக்கில் வைத்துக்கொண்டு முருகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுவேன். அவனுக்கு நிலைமை புரியும். மாம்பழத்தை அண்ணனிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்து, கோபித்துக்கொண்டு மலையேறியவன் அல்லவா? மாம்பழத்தில் ஃபிரக்டோஸ் மிகுதி. வயிற்றுக்காரன் கண்ணோட்டத்தில் பார்த்தால் அந்தப் போட்டியில் தோற்றவன் யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பருப்பு விவகாரத்தில் வீடு இரண்டு பட்டது. துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு எல்லாவற்றிலும் புரதத்தோடு அந்த ராஃபினோஸ் கோஷ்டியும் சேர்ந்தே வருகிறது. இரவெல்லாம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் ஒரு பங்கு போகும். வேகவைத்த தண்ணீரையும் இறுத்தால் இன்னும் கொஞ்சம் போகும். "சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகுதே" என்று வீட்டம்மா தடுத்தாள். குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டு குடத்தில் பிடித்துவைக்கும் ஊரில், தண்ணீரைக் கொட்டு என்று சொல்பவனை யார்தான் மன்னிப்பார்கள்? கொட்டிய தண்ணீர் இப்போது முருங்கைக்குப் போகிறது. முருங்கைக்கு ஐ.பி.எஸ். இல்லை. பாசிப்பருப்பு மட்டும் அளவோடு போட்டால் சாதுவாக நடந்துகொள்கிறது. எங்கள் சாம்பார் இன்று முக்கால் பங்கு தண்ணீரும் கால் பங்கு சமாதானமும் ஆகும்.

இனி பிரியாணி. திண்டுக்கல்காரன் இதை எழுதாமல் பேனாவை மூட முடியாது. 1957-இல் நாகசாமி நாயுடு தலையில் தலைப்பாகையோடு தொடங்கிய கடையிலிருந்துதான் இந்த ஊர்ப் பிரியாணியின் பெயர் ஊர் தாண்டிற்று. சின்னதாக நறுக்கிய ஆட்டுக்கறி, சீரகச் சம்பா அரிசி, புளிப்புக்குத் தயிரும் எலுமிச்சையும், காரத்துக்கு மிளகு. இதில் அரிசி என் வயிற்றுக்குச் சொந்தக்காரன். கறி பரம சாது. தயிரில் லாக்டோஸ் பாலைவிடக் குறைவு, கிருமிகள் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. மிஞ்சுவது வெங்காயமும் பூண்டும். வெங்காயப்பேட்டை இருக்கும் ஊரில், கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில், வெங்காயமும் பூண்டும் ஆகாது என்று ஒருவன் பிறந்தால் அவனுக்கு ரேஷன் கார்டு எப்படிக் கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை. கூடவே தால்சா வரும், அது பருப்பு. வெங்காயப் பச்சடி வரும், அது பச்சை வெங்காயம். இலையில் எனக்கு ஒத்துவருவது கறியும் எலுமிச்சைத் துண்டும்.

ஆனால் வேதியியல் ஒரு சந்து வைத்திருக்கிறது. வெங்காயம் பூண்டின் ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வாசனையோ எண்ணெயில் இறங்கிவிடும். ஆகவே பூண்டையும் வெங்காயத்தையும் எண்ணெயில் நன்றாக வதக்கி, தண்ணீர் படுவதற்கு முன் முழுதாக அரித்து எடுத்துவிட்டால், மணம் பாத்திரத்தில் இருக்கும், வில்லன் வெளியேறியிருப்பான். இதை வீட்டில் முன்மொழிந்தேன்.

"வெங்காயத்த எடுத்துட்டா அது பிரியாணியா? கறிச்சோறுன்னு சொல்லுங்க" என்றாள் வீட்டம்மா.

"வாசம் இருக்கும்மா."

"வாசத்துக்கு நான் எதுக்கு உரிச்சுக்கிட்டு அழுவுறேன்?"

கடைசியில் மைத்துனர் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒப்புக்கொண்டாள். பொன்னிறமாக வதங்கிய வெங்காயமும் பூண்டும் ஓட்டைக் கரண்டியில் ஏறி ஒரு தட்டுக்கு வந்தன. அதை மைத்துனர் முன்னால் வைத்தாள். அவர் அதை வெறும் வாயிலேயே தின்று தீர்த்துவிட்டு, "பிரியாணியைவிட இதுதான் மச்சான் டாப்பு" என்றார். குறைந்த வாசனையைப் பெருங்காயம் ஈடுகட்டிற்று. அது இன்னும் பெரும்பாலும் ஆப்கானிஸ்தானத்திலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது. 2020-இல்தான் இமாசலப் பிரதேசத்து லாஹவுல் பள்ளத்தாக்கில் முதன்முதலாக நட்டுப் பார்த்தார்கள். என் வயிற்றுக்காக எத்தனை நாடுகள் உழைக்கின்றன! அன்று மாலை நான் எங்கும் ஓடவில்லை. மைத்துனர்தான் சோடா கேட்டார்.

அத்தையின் வைத்தியம் பழைய சோறு. இதைக் கிண்டல் செய்ய எனக்கு வாயில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோய்க்காரர்களுக்குப் பழைய சோறு கொடுத்து ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். இரவெல்லாம் புளித்த சோற்றில் நல்ல நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. சிக்கல் தொடுகறியில். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளாதவனை அத்தை தமிழனாகவே ஏற்பதில்லை. புரதமும் அதில் பேருக்குத்தான். வெங்காயத்துக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையை வைத்துக்கொண்டேன். 30 கிராம் கடலையில் 7 கிராம் புரதம். ஃபாட்மேப் கணக்கிலும் தேறுகிறது. வேடசந்தூர்ப் பக்கத்துக் கடலை, பஸ் ஸ்டாண்டு வாசலில் மணலில் வறுத்துப் பொட்டலமாக மடித்துத் தருகிறார்கள். பாதாம் பால் பெட்டி விலையில் ஒரு மாதத்துக்கு வாங்கலாம். அதிகம் தின்றால் எண்ணெய்ச் சத்தே வயிற்றைக் கிளப்பிவிடும் என்பதால் பொட்டலம் இப்போது வீட்டம்மா வசம். எண்ணித்தான் வருகிறது.

இந்த ஃபாட்மேப் பத்தியம் சாகும்வரை இருப்பதற்கல்ல. இரண்டு முதல் ஆறு வாரம் வரை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, எது எந்த அளவில் ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். காலம் முழுக்க ஒதுக்கினால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களும் பட்டினி கிடக்கும். ஒரு நேரத்தில் ஒரே பொருள்தான், மூன்று நாள் படிப்படியாகக் கூட்டணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த அட்டவணை பையனுடைய பழைய கணக்கு நோட்டில் வீட்டம்மாவின் கையெழுத்தில் இருக்கிறது. பால் கால் டம்ளர் பாஸ், அரை டம்ளர் பாஸ், முழு டம்ளர் ஃபெயில். தயிர் பாஸ். பூண்டு ஃபெயில், சப்ளிமென்டரியிலும் ஃபெயில். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி டிஸ்டிங்ஷன்.

அடுத்த பக்கத்தில் பருப்பும் பயறும். அங்கேதான் நவராத்திரி குறுக்கே வந்தது. தெருவில் மூன்று வீட்டில் கொலு. ஒன்பது நாளும் சுண்டல். தினம் ஒரு பயறு. டாக்டர் மாதக்கணக்கில் நடத்தச் சொன்ன பரிசோதனையை எங்கள் தெரு ஒன்பது நாளில் முடித்துவிடத் தயாராக நின்றது. வாங்காமல் இருக்கலாமே என்றேன். பிரசாதத்தை வேண்டாம் என்பதா என்று அத்தை பதறினார். தின்னாமல் வைத்துக்கொள்ளலாமே என்றேன். அதற்கு அத்தை பதிலே சொல்லவில்லை.

வீட்டம்மா நோட்டை எடுத்து, மூன்று வீட்டுக்கும் போய் யார் என்றைக்கு என்ன சுண்டல் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். முதல் நாள் பாசிப்பயறு, ஒரு ஸ்பூன். மூன்றாம் நாள் நிலக்கடலை, கவலை இல்லை. கொண்டைக்கடலை சரஸ்வதி பூஜைக்கு. மறுநாள் விஜயதசமி ஆபீஸ் லீவு, அதனால் அனுமதி. நான் பயந்தது மொச்சைக்கு. அது ஆறாம் நாள் என்று போட்டிருந்தது. எதிர் வீட்டு அம்மாவிடம் பேசி அதை ஏழாம் நாளுக்கு மாற்றியிருந்தாள்.

"எதுக்கு மாத்தின?" என்றேன்.

"ஏழாம் நாள்தாங்க நம்ம குழாய்ல தண்ணி வருது."